நகல் கார் போலிக் காரா?



2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள மான்டெரே நகரில் ஒரு பழைய கார் ஏலத்துக்கு வந்தது. இரண்டே பேர் அமரக்கூடிய, கூரையில்லாத, சிறிய நீல நிறக் கார் அது. வயதோ 54. அங்கங்கே சாயம் மங்கியிருந்தது. அதன் விலை எவ்வளவு வரை போயிற்று தெரியுமா? 1 கோடியே 37½ லட்சம் டாலர்! அன்றைய நாணய மதிப்பில் 90 கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் காரின் பெயர் கோப்ரா, அதாவது நாகம்.

கோப்ரா கார்கள் 1960-களில் ஏறத்தாழ ஆயிரம்தான் செய்யப்பட்டன. ஆனால் இன்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அதே வடிவமுள்ள கார்கள் பல ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. அதே வளைவுகள், அதே முட்டை வடிவ வாய், அதே உறுமல். இவை நகல்கள். பலவற்றைச் சொந்தக்காரர்களே தம் வீட்டுக் கொட்டகையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து பூட்டியிருக்கிறார்கள். அசல் வாங்கக் கோடிகள் வேண்டும். நகலுக்கோ ஒரு நல்ல புதுக் காரின் விலை போதும்.

என் வகுப்பில் ஒருமுறை இந்த இரண்டின் படங்களையும் காட்டி, என்ன வேறுபாடு என்று கேட்டேன். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "விலை குறைஞ்சது டூப்ளிகேட் சார்" என்றார். வகுப்பே சிரித்தது. "டூப்ளிகேட் என்றால் என்ன?" என்று கேட்டேன். "போலி சார்." "போலி என்றால் யாரையாவது ஏமாற்றியிருக்க வேண்டுமே, இது யாரை ஏமாற்றியது?" அவரிடமிருந்து பதில் இல்லை. உண்மையில் எனக்கும் அப்போது முழுப் பதில் தெரியாது. அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனதில் கிடைத்தவற்றைத்தான் இங்கே உங்களுக்கு எழுதுகிறேன். வழியில் நம் பாடப்புத்தக இயற்பியல் நிறையவே குறுக்கிடும்.

அசலின் கதை

முதலில் அசல் எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். இங்கிலாந்தில் தேம்ஸ் டிட்டன் என்னும் ஊரில் ஏ.சி. என்ற சிறிய கார் நிறுவனம் இருந்தது. 1953-இல் அது 'ஏஸ்' என்ற காரை அறிமுகப்படுத்தியது. அடியில் எஃகுக் குழாய்ச் சட்டம், மேலே அலுமினிய உடல். இந்த உடலின் அழகான மூக்கு, இத்தாலியின் ஃபெராரி 166 பார்கெட்டா காரைப் பார்த்து அமைக்கப்பட்டது. அதாவது இன்று கோடிக்கணக்கில் விலை பேசப்படும் அசலின் முகமே வேறொன்றைப் பார்த்து வந்ததுதான்!

சில ஆண்டுகள் கழித்து, ஏஸ் காருக்கு எஞ்சின் கொடுத்துவந்த பிரிஸ்டல் நிறுவனம் தன் பழைய 2 லிட்டர் எஞ்சின் தயாரிப்பை நிறுத்தியது. அந்தச் சமயத்தில், 1961-இல், கரோல் ஷெல்பி என்னும் அமெரிக்கர் ஏ.சி. நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். டெக்சாஸ்காரர், கோழிப்பண்ணை வைத்து நொடித்தவர், பின்னர் பந்தயக் கார் ஓட்டி 1959-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றவர். இதயக் கோளாறால் பந்தயத்தை விட்டுவிட்டிருந்தார். "உங்கள் காரில் அமெரிக்க எஞ்சின் ஒன்றை வைத்தால் என்ன?" என்பதே கடிதத்தின் சாரம். அப்போது ஃபோர்டு நிறுவனம் எட்டு உருளைகள் கொண்ட புதிய எஞ்சின் ஒன்றைச் செய்திருந்தது. வார்ப்பிரும்புச் சுவர்களை மெல்லியனவாக வார்க்கும் முறையைக் கையாண்டதால் அது தன் அளவுக்கு மிகவும் இலேசாக இருந்தது. 1962-இல் எஞ்சின் இல்லாத கார் ஒன்று இங்கிலாந்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேர்ந்தது. ஃபோர்டு எஞ்சினைப் பொருத்தினார்கள். கோப்ரா பிறந்தது.

ஒரு வேடிக்கை. அந்த முதல் காரைப் பத்திரிகைக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக ஓட்டிப் பார்க்க வந்தார்கள். இருந்ததோ ஒரே ஒரு கார். ஷெல்பி என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு பத்திரிகைக்கும் கொடுக்குமுன் காருக்கு வேறு நிறம் பூசிக் கொடுத்தார். படங்களைப் பார்த்தவர்கள் தொழிற்சாலையில் வரிசையாகக் கார்கள் வெளிவருவதாக எண்ணிக்கொண்டார்கள். மான்டெரேயில் ஏலம் போனது இந்தக் கார்தான். போலி யார், அசல் யார் என்று இந்தக் கதையில் சட்டென்று சொல்ல முடியாது என்பது இப்போதே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இந்தக் கார் ஏன் அவ்வளவு பேசப்பட்டது? நியூட்டனின் இரண்டாம் விதியை நினைத்துக்கொள்ளுங்கள். முடுக்கம் வேண்டுமானால் விசை கூட வேண்டும், அல்லது நிறை குறைய வேண்டும். ஷெல்பி இரண்டையும் ஒன்றாகச் செய்தார். முதல் கோப்ராவின் எஞ்சின் 260 குதிரைத்திறன் தந்தது. காரின் நிறை ஏறத்தாழ 920 கிலோ. ஒரு குதிரைத்திறன் இழுக்க வேண்டியது மூன்றரை கிலோ மட்டுமே. உங்கள் தாத்தா காலத்து அம்பாசடர் காரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 50 குதிரைத்திறன், 1,100 கிலோவுக்கு மேல் நிறை; ஒரு குதிரைத்திறன் 22 கிலோவை இழுத்தாக வேண்டும். (அந்த அம்பாசடரும் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபர்டு காரின் அச்சுத்தான். உரிமம் பெற்று, சொல்லிச் செய்ததால் அதை யாரும் போலி என்றதில்லை. 2014 வரை நம் நாட்டில் அது தயாரிக்கப்பட்டது.)

இந்தக் கணக்கில் நகல் செய்பவர்களுக்கு ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. கோப்ராவில் அரிதாக இருந்தது எஞ்சின் அன்று. ஃபோர்டின் அந்த எஞ்சின் குடும்பம் சாதாரணக் கார்களுக்காகப் பல ஆண்டுகள், லட்சக்கணக்கில் செய்யப்பட்டது. பழைய காரிலிருந்து ஒன்றைக் கழற்றி எடுத்துச் செம்மைப்படுத்தினால் போதும். அரிதாக இருந்தவை உடலும் சட்டமும்தான். அவற்றை நகலெடுத்துவிட்டால் கோப்ராவின் ஓட்டம் கைக்கு வந்துவிடும்.

ஆரஞ்சுத் தோலும் கார் உடலும்

ஒரு தாளை எடுத்துக் குழாய் போலச் சுருட்டுங்கள். எளிதாகச் சுருளும். அதே தாளால் ஒரு பந்தை மூடப் பாருங்கள். எவ்வளவு முயன்றாலும் சுருக்கம் விழும். ஆரஞ்சுத் தோலை உரித்துத் தரையில் தட்டையாக அழுத்தினால் ஓரங்கள் கிழிவதும் இதனால்தான். ஒரு திசையில் மட்டும் வளைந்த பரப்பைத் தட்டையான தாளிலிருந்து செய்யலாம். இரு திசைகளிலும் வளைந்த பரப்பைச் செய்ய வேண்டுமானால், தகடு சில இடங்களில் நீள வேண்டும் அல்லது சுருங்க வேண்டும். வேறு வழியே இல்லை.

கோப்ராவின் உடலில் தட்டையான இடம் மிகக் குறைவு. சக்கரங்களின் மேலே புடைத்து நிற்கும் பகுதிகள் எல்லாம் இரு திசை வளைவுகள். ஏ.சி. தொழிலாளர்கள் இவற்றை அலுமினியத் தகட்டில் கையாலேயே உருவாக்கினார்கள். இதற்கு ஓர் எளிய எந்திரம் உண்டு. மேலே ஒரு பெரிய உருளை, கீழே சற்றுப் புடைத்த ஒரு சிறிய உருளை. இரண்டுக்கும் நடுவே தகட்டை முன்னும் பின்னுமாக ஓட்டுவார்கள். அழுந்திய இடத்தில் தகடு மெலிந்து பரப்பு கூடும். கூடிய பரப்புக்கு இடமில்லாததால் நடுவில் குமிழ் போல எழும். நம் ஊர்களில் செப்புக்குடம் அடிக்கும் கன்னார் சுத்தியலால் செய்வதும் இதே வேலைதான்.

அடிக்க அடிக்க அலுமினியம் இறுகிவிடும். மேலும் அடித்தால் வெடிக்கும். ஆகவே இடையிடையே சூடேற்றி மென்மையாக்க வேண்டும். இங்கேதான் ஒரு சிக்கல். இரும்பைக் காய்ச்சினால் அது சிவந்து தன் வெப்பநிலையைத் தானே சொல்லும். அலுமினியம் 660 டிகிரி செல்சியசில் உருகுகிறது. அதற்குமுன் கண்ணுக்குத் தெரியும்படி சிவப்பதே இல்லை. பளபளவென்று இருக்கும் தகடு திடீரென்று ஒழுகிவிடும். தொழிலாளர்கள் கண்ட உபாயம் என்ன? தகட்டின்மேல் சாதாரண சோப்பைத் தேய்த்துவிட்டுச் சூடேற்றுவார்கள். சோப்பு பழுப்பாகிக் கருத்ததும் நெருப்பை எடுத்துவிடுவார்கள். அலுமினியம் மென்மையாவதற்கு வேண்டிய வெப்பநிலைக்குச் சற்றேறக்குறைய சோப்பு கருகிவிடுகிறது. வெப்பமானி இல்லாத வெப்பமானி! எத்தனை தகடுகள் உருகிப்போன பிறகு இது யாருக்குத் தோன்றியதோ.

இப்படி ஓர் உடலைச் செய்ய நூற்றுக்கணக்கான மணி நேர உழைப்பு வேண்டும். நகல் செய்பவர்களில் பெரும்பாலோர் வேறு வழியை எடுத்துக்கொண்டனர். அது கண்ணாடி இழை.

விநாயகர் சதுர்த்தியன்று அச்சில் களிமண்ணை அமுக்கிப் பிள்ளையார் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே முறைதான். ஒரு கார் உடலின்மேல் மெழுகு தடவி, அதன்மேல் பிசினும் கண்ணாடி இழைப் பாயும் இட்டு, இறுகியதும் கழற்றினால் ஒரு குழிந்த அச்சு கிடைக்கும். அந்த அச்சின் உட்பக்கம் மறுபடியும் மெழுகிட்டு, முதலில் வழவழப்பான பிசின் பூச்சு, பிறகு இழைப் பாய், அதன்மேல் பாலியெஸ்டர் பிசின் என்று அடுக்கினால் புதிய உடல். வெளிப்பக்கம் முதலில் செய்யப்படுவது இதன் விந்தை. ஓர் அச்சிலிருந்து பல உடல்கள் எடுக்கலாம்.

பிசின் இறுகும்போது வெப்பம் வெளிப்படும். கூடவே அது சிறிது சுருங்கவும் செய்யும். ஆகவே நகலிலிருந்து அச்செடுத்து, அந்த அச்சிலிருந்து மீண்டும் நகலெடுத்தால் அளவுகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகும். ஜெராக்ஸ் பிரதியையே மறுபடியும் ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து மங்குவது போல. மட்டமான நகல் கார்களில் கதவு ஒரு பக்கம் உரசுவதும், மறுபக்கம் விரல் நுழையும் இடைவெளி இருப்பதும் இப்படி வருபவைதாம்.

'கண்ணாடி இழை இலேசானது. ஆகவே நகல் கார் அசலைவிட இலேசாக இருக்கும்' என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போமா? அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். இவ்வகைக் கண்ணாடி இழையின் அடர்த்தி ஏறத்தாழ 1.5 கிராம். ஆனால் அலுமினியத்தின் யங் குணகத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் கண்ணாடி இழைப் பாய்க்கு உண்டு. அதே தடிமனில் செய்தால் விரல் வைத்தாலே உள்வாங்கும். ஒரு தகட்டின் வளையாத் தன்மை யங் குணகத்தையும், தடிமனின் மும்மடிப் பெருக்கத்தையும் பொறுத்தது. குணகம் பத்தில் ஒன்றாகக் குறைந்ததை ஈடுகட்டத் தடிமனைப் பத்தின் கனமூலம், அதாவது 2.15 மடங்கு கூட்ட வேண்டும். அலுமினியம் 1.5 மி.மீ. என்றால் கண்ணாடி இழை 3.2 மி.மீ. இப்போது ஒரு சதுர மீட்டரின் நிறையைப் பாருங்கள்: அலுமினியம் 4 கிலோ, கண்ணாடி இழை 4.8 கிலோ. நகல்தான் கனம்! உடலின் பரப்பு 8 சதுர மீட்டர் என்று கொண்டாலும் வேறுபாடு ஆறு கிலோவுக்குச் சற்று மேல்தான். உங்கள் புத்தகப் பை அதைவிடக் கனமாக இருந்தாலும் இருக்கும். ஓட்டுபவருக்கு இது தெரியவே தெரியாது.

அஞ்சலட்டைச் சோதனை

உடலைவிட முக்கியமானது கீழே இருக்கும் சட்டம். ஏணியைப் படுக்க வைத்தது போல இரண்டு நீண்ட எஃகுக் குழாய்கள், இடையே குறுக்குக் குழாய்கள். ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது இந்த ஏணி முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். சட்டம் முறுக்கிக்கொண்டால் சக்கரங்கள் சாலையைத் தொடும் கோணம் மாறும். திருப்பங்களில் கார் சொன்னபடி கேட்காது.

முதல் கோப்ராக்களில் இந்த நீண்ட குழாய்களின் விட்டம் 3 அங்குலம். 1965-இல் 7 லிட்டர் எஞ்சின் வந்தபோது அதை 4 அங்குலமாக்கி, பட்டை வில்களுக்குப் பதிலாகச் சுருள்வில்களையும் பொருத்தினார்கள். ஓர் அங்குலம்தானே என்று எண்ணாதீர்கள். மெல்லிய குழாயின் முறுக்கத்தை எதிர்க்கும் ஆற்றல் அதன் ஆரத்தின் மும்மடியைப் பொறுத்தது. சுவரின் தடிமன் மாறவில்லை என்று கொண்டால், நான்கின் கீழ் மூன்றின் மும்மடி 64-இன் கீழ் 27, அதாவது ஏறத்தாழ 2.4 மடங்கு. எஃகு மூன்றில் ஒரு பங்குதான் கூடியது; விறைப்போ இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரே அளவான அஞ்சலட்டைகள் மூன்று போதும். ஒன்றை அகலவாக்கில் சுருட்டி ஓரத்தை ஒட்டுங்கள். இன்னொன்றை நீளவாக்கில் சுருட்டி ஒட்டுங்கள். ஒன்று ஒல்லிக் குழாய், மற்றது தடித்த குழாய். இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். மூன்றாவதை ஒட்டாமல் வெறுமனே சுருட்டிப் பிடித்துக்கொண்டு முறுக்குங்கள். அது எவ்வளவு தொளதொளவென்று இருக்கிறது! மூடிய குழாய்க்கும் பிளந்த குழாய்க்கும் உள்ள வேறுபாட்டைக் கை உடனே சொல்லிவிடும்.

இங்கே நகல் செய்பவருக்கு ஒரு தர்மசங்கடம். 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தை அதன் குறைகளோடு அப்படியே நகலெடுப்பதா? இன்று கிடைக்கும் அறிவைக் கொண்டு திருத்துவதா? இங்கிலாந்து நகல்கள் பலவற்றில் உடல் கோப்ராவுடையது. அடியில் சதுரக் குழாய்ச் சட்டமும், பழைய ஜாகுவார் அல்லது ஃபோர்டு கார்களிலிருந்து எடுத்த சக்கர அமைப்பும் இருக்கும். திருப்பங்களில் இவை அசலைவிட நன்றாகவே நடந்துகொள்ளும். 'அது கோப்ராவே இல்லை' என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. நான் திருத்துபவர்கள் பக்கம். காரணம் இதோ.

பழைய கார்களின் உறுமலை நகலெடுக்கலாம்; ஆபத்தை நகலெடுக்கலாமா? 70 கிலோ நிறையுள்ள ஒருவர் மணிக்கு 50 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 14 மீட்டர் வேகத்தில் போகிறார் என்று வையுங்கள். அவருடைய இயக்க ஆற்றல் 6,860 ஜூல். மோதலில் அவர் அரை மீட்டர் தூரத்தில் நிறுத்தப்பட்டால் அவர்மீது செயற்படும் சராசரி விசை அவருடைய எடையைப்போல் 20 மடங்கு. 10 சென்டிமீட்டரில் நிறுத்தப்பட்டால் 100 மடங்கு! இன்றைய கார்களின் முன்பகுதி மடங்கி நசுங்கும்படி செய்யப்படுவது அந்தத் தூரத்தைக் கூட்டத்தான். இறுக்கைவாரும் காற்றுப்பையும் இதே நோக்கத்துக்குத்தான். 1962-ஆம் ஆண்டுக் காரில் இந்த எண்ணமே இல்லை.

இங்கிலாந்தில் இப்படிக் கையால் பூட்டிய கார் சாலைக்கு வருமுன் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்படுகிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புகளின் வளைவு ஆரம் 2.5 மி.மீ.-க்குக் குறையக்கூடாது என்பது விதிகளுள் ஒன்று. நடந்து போகிறவர்மேல் உரசினால் கூரிய விளிம்பு வெட்டிவிடும். ஒரே விசைதான், பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும் என்று எட்டாம் வகுப்பில் படித்ததுதான். இதற்காகப் பலர் போல்ட் தலைகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் குல்லாய் மாட்டிக்கொண்டு சோதனைக்குப் போகிறார்கள். அமெரிக்காவில் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 25 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கார்களின் நகல்களைச் சிறு நிறுவனங்கள் ஆண்டுக்கு 325 வரை முழுக்காராகவே செய்து விற்க இடம் கொடுத்தது. புதிய காருக்குரிய மோதல் பாதுகாப்பு விதிகள் பல இவற்றுக்குத் தளர்த்தப்பட்டன. இந்தத் தளர்வு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

நகலில் இல்லாதது எது?

உடல், சட்டம், எஞ்சின் எல்லாம் சரி. அப்படியானால் அந்த 90 கோடி ரூபாய் எதற்காகக் கொடுக்கப்பட்டது? தராசும் ஸ்டாப்வாட்சும் காட்ட முடியாத ஒன்றுக்காக. அந்தக் காரின் வரலாற்றுக்காக.

லண்டன் நீதிமன்றம் ஒன்றில் 1990-இல் இதே கேள்வி எழுந்தது. பென்ட்லி நிறுவனத்தின் 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற கார் 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லெ மான் பந்தயத்தை வென்றது. பிறகு அதன் பாகங்கள் மாற்றப்பட்டுக்கொண்டே வந்தன. 1932-இல் வேறு பெரிய எஞ்சினோடு புரூக்லாண்ட்ஸ் பந்தயத்தில் ஓடியபோது விபத்துக்குள்ளாகி, ஓட்டுநர் உயிரிழந்தார். மீண்டும் கட்டி எழுப்பினார்கள். 1990-இல் ஒரு கோடி பவுனுக்கு விலை பேசி முடித்தபின், 'இதில் 1929-ஆம் ஆண்டு உலோகம் ஏறக்குறைய எதுவுமே இல்லையே' என்று வாங்க வந்தவர்கள் பின்வாங்கினார்கள். வழக்கு நடந்தது. நீதிபதியின் தீர்ப்பு: பாகங்கள் மாறினாலும் இந்தக் காரின் வாழ்க்கை எங்கும் அறுபடாமல் தொடர்ந்திருக்கிறது, ஆகவே இது ஓல்டு நம்பர் ஒன்தான். நம் உடம்பின் செல்களும் பல மாறிக்கொண்டேதானே இருக்கின்றன!

இதற்கு நேர்மாறான கதை ஜாகுவாருடையது. 1957 பிப்ரவரியில் அந்தத் தொழிற்சாலையில் பிடித்த தீயில், செய்யத் திட்டமிட்டிருந்த 25 எக்ஸ்.கே.எஸ்.எஸ். கார்களில் 9 எரிந்து போயின. 2016-இல் அதே நிறுவனம், விட்டுப்போன ஒன்பதையும் இப்போது செய்து தருவதாக அறிவித்தது. அதே மெக்னீசியக் கலவை உடல், அதே அளவுகள். ஒவ்வொன்றும் பத்து லட்சம் பவுனுக்கு மேல். ஒரு பழைய இரும்புகூட இல்லாத இவை அசலா, நகலா? ஷெல்பியும் தம் பிற்காலத்தில் தம் கோப்ராக்களைத் தாமே மறுபடி செய்து விற்றார். இத்தாலியில் பொலோனியா நீதிமன்றமோ 2019-இல் ஃபெராரி 250 ஜி.டி.ஓ. காரின் வடிவத்தைக் கலைப்படைப்பு என்று ஏற்றுக்கொண்டு, அதை நகலெடுக்க முனைந்தவர்களைத் தடுத்துவிட்டது.

இவற்றையெல்லாம் வகுப்பில் சொல்லி முடித்தபோது, பின் வரிசை மாணவர் இம்முறை யோசித்துச் சொன்னார்: "நகல்னு சொல்லி வித்தா நகல் சார். அசல்னு சொல்லி வித்தாதான் போலி." சரிதான். ஆனால் அசலுக்குக் கோடிகள் கிடைக்கும்போது, சொல்லாமல் விற்க ஆசை வராதா? வருகிறது. நல்ல நகலுக்குப் பழைய எண்ணைப் பொறித்து, பழைய சாயம் பூசி அசல் என்று விற்கப் பார்ப்பவர்கள் உண்டு. அவர்களைப் பிடிக்க மீண்டும் இயற்பியலிடம்தான் வர வேண்டும்.

முதலில் சட்டத்தில் பொறித்த எண். உளியால் எண்ணைப் பொறிக்கும்போது மேலே தெரியும் பள்ளம் மட்டும் உண்டாவதில்லை. அதன் அடியிலுள்ள உலோகப் படிகங்களும் நசுங்கி உருக்குலைகின்றன. திருடன் பள்ளம் மறையும்வரை அரத்தால் ராவி, மேலே வேறு எண்ணைப் பொறிக்கிறான். அடியிலுள்ள நசுங்கிய படிகங்கள் அப்படியே இருக்கின்றன. தடயவியல் அறிஞர்கள் அந்த இடத்தை மெருகேற்றி, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் குப்ரிக் குளோரைடும் சேர்ந்த கரைசலைத் தடவுவார்கள். நசுங்கிய பகுதி மற்றப் பகுதியைவிட வேறு வேகத்தில் அரிக்கப்படும். அழித்த எண் மங்கலாக மேலே எழுந்து வரும்! அடிபட்டதை உலோகம் எளிதில் மறப்பதில்லை. (இதை நீங்கள் செய்ய வேண்டாம். அந்த அமிலம் கையையும் கண்ணையும் கெடுக்கும்.)

உடல் அலுமினியமா, கண்ணாடி இழையா என்று கண்டுபிடிக்கக் காந்தத்தை ஒட்டிப் பார்ப்பது பயன்படாது. இரண்டிலுமே அது ஒட்டாது. நிழலில் நிற்கும் காரைத் தொட்டுப் பார்க்கலாம். அலுமினியம் நம் விரலின் வெப்பத்தை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு நன்றாகக் கடத்துவதால் சில்லென்று இருக்கும். ஆனால் இன்னும் அழகான சோதனை ஒன்று உண்டு. ஒரு கனத்த அலுமினியத் தட்டைச் சாய்த்து வைத்து, சிறிய நியோடிமியம் காந்தம் ஒன்றை மேலிருந்து சறுக்க விடுங்கள். ஒட்டாத அந்தக் காந்தம் தேனில் இறங்குவது போல மெல்ல மெல்ல இறங்கும். நகரும் காந்தம் அலுமினியத்தில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. லென்சு விதிப்படி அவை தம்மை உண்டாக்கிய இயக்கத்தையே எதிர்க்கின்றன. அதே சாய்வில் ஒரு பிளாஸ்டிக் தட்டிலோ, கண்ணாடி இழைப் பலகையிலோ விட்டால் காந்தம் சரேலென்று கீழே வந்துவிடும். சாய்வுக் கோணத்தை மாற்றி மாற்றி, ஒவ்வொரு தடவையும் எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்து எனக்கு எழுதுங்கள். தட்டின் தடிமனையும் மறக்காமல் எழுதுங்கள். காந்தத்தைத் தம்பி, தங்கையர் வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.